மார்த்தா மிசியின் மீன் பட்டியல்

நான் வாய்மூடி இருந்த காலம் போதும்.

கல்லடி மார்த்தா மிசி மறைந்து இன்றைக்கு ஒன்பது நாள். சேமக்காலையில், அடக்கத்தின்போது, நால்வர் பேசினார்கள். நால்வரும் அவரைப் புகழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் புகழ்ந்த விதத்தைக் கேட்டுவிட்டு, நான் இன்னொரு முறையும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பேசாமையோடு இனி என்னால் இருக்க முடியாது.

செய்தி எனக்கு மிசியின் அயல்வீட்டு மீன்காரச் சாமித்தம்பி மூலம் வந்தது. காலையில், நான் இப்போது வேலை பார்க்கும் அரசாங்கக் கச்சேரிக்குப் புறப்பட்டுச் சைக்கிளை வெளியே எடுத்தபோது அவர் வாசல் படலையடியில் நின்றார். கையில் வலை இல்லை. வாவிக்குப் போகாத நாளில் அவரை நான் பார்த்ததே இல்லை.

"ஐயா, எங்கட மிசி போயிற்றா," என்றார். "விடிய வெள்ளாப்பில தண்ணி கேட்டவ. நான் குடுக்கக்குள்ள கண்ண மூடிற்றா." பிறகு, "நேத்து மீனுக்கு இரை போட்டிற்றுத்தான் படுத்தவ," என்றார்.

மிசியை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தை. அவர் அரசாங்க மருத்துவமாது. கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். திருமணம் செய்துகொள்ளவில்லை. பாலம் தாண்டிக் கல்லடியில், வாவியைப் பார்த்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். தெற்கே தேற்றாத்தீவு வரைக்கும், படகேறினால் மேற்கே கொக்கட்டிச்சோலை வரைக்கும், பிள்ளைப்பேறு என்று ஆள் வந்தால் குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். குரல் பெரிது. எவருக்கும் பயந்து பேசிப் பழக்கமில்லை.

நான் அப்போது சனிட்டரிக் கந்தோரில், அதாவது சுகாதார அலுவலகத்தில், கிளாக்கர். ஆங்கிலப் பாடசாலையில் வகுப்பில் முதலாம் பிள்ளையாகத் தேறி, கொழும்பில் உத்தியோகம் எதிர்பார்த்து, அது தகுதியில்லாத ஒருவருக்குப் போனபின், கழிவுநீர்க் கான்களையும் மலசலகூடங்களையும் பற்றிய கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவன். எனக்கு மேலே இன்ஸ்பெக்டர். அவர் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. எழுதினால் அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்வார்.

மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராகப் படுக்க வைத்த வருடங்கள் அவை. மிசிக்கு அந்தக் காய்ச்சல் மேல் தனிப் பகை இருந்தது. கர்ப்பிணிக்கு அது வந்தால் ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ பிள்ளை போய்விடும். சில வேளை தாயும் போய்விடுவாள். மாத முடிவில் பிறப்பு அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டு மிசி சொல்வார்: "பிறந்ததை எழுதியிருக்கன் கிளாக்கர். பிறக்காமப் போனதை எழுத உங்கட கடுதாசியில இடமில்ல."

அந்த நாட்களில் கொழும்பிலிருந்து ரயிலில் ஒரு தகரப் பீப்பா வந்தது. காய்ச்சலைப் பரப்பும் நுளம்பின் புழுவைத் தின்னும் கப்பி என்ற சிறு மீன் அதில் இருப்பதாகவும், அதைப் பெருக்கி நீர்நிலைகளில் விட வேண்டும் என்றும் கூட வந்த கடிதம் சொன்னது. பீப்பா கந்தோர் விறாந்தையில் இரண்டு நாள் வெயிலில் கிடந்தது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்த இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, கானில் ஊற்றச் சொன்னார். அறிக்கை கொடுக்க வந்திருந்த மிசி பீப்பாவுக்குள் கையை விட்டார். செத்து மிதந்தவற்றின் கீழே ஆறு மீன் உயிரோடு இருந்தன. மேசையிலிருந்த தண்ணீர்க் கூசாவில் அவற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கப்பித் திட்டத்தை இந்தப் பகுதியில் தொடங்கி வைத்தவர் தாமே என்று சேமக்காலையில் சொல்லிக்கொண்ட இந்த இன்ஸ்பெக்டர், அன்று செய்த வேலை அந்தக் கூசாவைத் திருப்பிக் கேட்டு மூன்று கடிதம் எழுதுவித்ததுதான். மூன்றையும் எழுதியவன் நான்.

மூன்றுக்கும் பதில் வராததால் நானே கல்லடிக்குப் போனேன். தந்திக் கந்தோரில் கழித்துப்போட்ட பற்றறிக் கண்ணாடித் தொட்டி ஒன்று யன்னலோரம் இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து ஒரு கிழமை வெயிலில் காயவைத்து, கிணற்று நீரோடு ஒரு சிரட்டை வாவி நீரும் கலந்து நிரப்பியிருந்தார். ஆறில் நான்கு பெண். சாம்பல் நிறம், ஒரு விரற்கணு நீளம். ஆண்கள் அதைவிடச் சிறியவை, வாலில் நிறம் தெளித்தவை. ஒரு பெண் மீனைக் காட்டினார். வயிற்றின் பின்பக்கம் வாலுக்குக் கிட்ட ஒரு புள்ளி கறுத்திருந்தது. உருண்டையாய் இருந்த வயிறு கீழே இறங்கிச் சதுரமாகியிருந்தது.

"இவளுக்கு இன்னும் மூணு நாள்," என்றார்.

சொன்னபடி மூன்றாம் நாள் அது ஈன்றது. ஆனால் அந்த ஈற்றில் மிசி தோற்றுப்போனார். கப்பி முட்டையிடாது, குஞ்சாகவே போடும் என்பது அவருக்குத் தெரியும். போட்டதைத் தாயே தின்னும் என்பது தெரியாது. எங்கோ ஒரு பேறு பார்த்துவிட்டு விடியும்போது வந்தவர், தொட்டிக்குள் இமைமயிர் போலக் குஞ்சுகள் துடிப்பதைக் கண்டிருக்கிறார். குளித்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது இரண்டே இரண்டு மிஞ்சியிருந்தன. அன்று முழுவதும் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சாமித்தம்பி பிறகு சொன்னார்.

மறுநாள் சாமித்தம்பியைக் கூப்பிட்டு தென்னை ஈர்க்கில் ஒரு கூடு கட்டித் தரச் சொன்னார். வாவியில் இறாலுக்கு வைக்கிற கூட்டின் சாயல், ஆனால் உள்ளங்கை அளவு. தாய் வெளியே வரக் கூடாது. ஈன்ற குஞ்சு ஈர்க்கு இடுக்கால் கீழே விழுந்து பாசிக்குள் ஒளிய வேண்டும். சாமித்தம்பி மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். நான் அப்போது அங்கே நின்றேன்.

"மீன் புடிக்கக் கூடு கட்டுறவன் நான்," என்றார் அவர். "மீன் தப்பிப் போறதுக்குக் கூடு கேட்டவ இந்த ஆத்தோரத்தில நீங்க ஒராள்தான் மிசி."

"தப்ப விட்டாத்தானே சாமித்தம்பி நாளைக்கு உங்களுக்கும் புடிக்கக் கிடைக்கும்."

"இதப் புடிச்சு நான் என்னத்தைக் கறி வைக்கிற? ஒரு சட்டிக்கு ஒரு ஊர் மீன் வேணும்."

அடுத்த ஈற்றிலிருந்து குஞ்சுகள் பிழைத்தன. அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் தேய்த்து, நகக்கண் அளவு மட்டும் நீரில் கரைப்பார். கூடினால் நீர் அழுகிவிடும். ஒரு நாள் தொட்டியில் வெயில் விழுகிறதே என்று நான் அதை நகர்த்தக் கை வைத்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"வெயில் அடிச்சா யன்னலச் சாத்துங்க. தொட்டியத் தொடாதீங்க. புள்ளி சின்னனா இருக்கக்குள்ளயே கூட்டுக்க விட்டிரணும். மாசம் நிறைஞ்சவளை இடம் மாத்தப்படாது. மாத்தினாக் குறையில போட்டிரும், இல்லாட்டித் தாயே செத்திரும்."

இந்த வார்த்தையை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் பல வருடம் இதை மறக்க முயன்றேன்.

ஆறு மாதத்தில் தொட்டி மூன்றாகி, சாடிகள் பத்தாகின. மிசி மீன்களை ஊர்களுக்குக் கொண்டுபோனார். கரையோர மணலில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் நீர் இறைக்க வீட்டு வளவுக்கு வளவு துரவு தோண்டியிருப்பார்கள். கட்டில்லாத அந்த ஆழமற்ற கிணறுகளில்தான் நுளம்பு பெருகியது. கந்தோர் அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றியது. எண்ணெய் பட்ட நீரில் மிளகாய்க் கன்று கருகும். துணி தோய்க்க முடியாது. ஊர்ச்சனம் எண்ணெய்க் கூட்டத்தைக் கண்டாலே பொல்லும் தடியும் தேடும். ஆகவே மிசி கர்ப்பிணிகள் இருக்கும் வீடாகப் பார்த்துப் போய்ச் சொன்னார்: "இந்த மீனைத் துரவுக்க விடுங்க. மீன் கிடக்கிற துரவுக்கு எண்ணெய் வராது. அது என்ட வார்த்தை." கந்தோரின் விதியும் அதுதான்.

மேற்கே கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பெரியவர், மச்சம், அதாவது புலால், கிடக்கிற நீரில் கோயிலுக்குப் போக முழுகுவது எப்படி என்று தடுத்தாராம். சமைத்தால்தான் அது மச்சம், நீந்தும்வரை அதுவும் அந்த வீட்டில் குடியிருக்கிற ஒரு சீவன் என்று மிசி பதில் சொன்னார். பெரியவர் சிரித்துவிட்டு, முதல் மீனைத் தாமே விட்டார். ஒவ்வொரு வளவிலும் அந்த வீட்டுக் கர்ப்பிணியின் கையில் சிரட்டையைக் கொடுத்து, அவளைக் கொண்டே ஊற்றுவிப்பது மிசியின் வழக்கம். தேற்றாத்தீவில் வள்ளியம்மை என்ற பெண் அப்படி ஊற்றியபோது, தன் வயிற்றையும் மீனின் வயிற்றையும் பார்த்து, "ஆர் முந்துறம் எண்டு பாப்பம்," என்றாளாம். தலைப்பிள்ளைக்காரி. அதைச் சொல்லிச் சொல்லி மிசி சிரித்தார்.

இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மனைவியும் அப்போது கர்ப்பமாக இருந்தார். அவரைப் பார்க்க வந்த மிசி, கிணற்றடிச் சாடியை எட்டிப் பார்த்து, ஒரு போத்தலில் அதிலிருந்த நீரை அள்ளிக்கொண்டு போனார். மறுநாள் கந்தோரில், இன்ஸ்பெக்டரும் எண்ணெய்க் கூட்டத்தாரும் நிற்கும்போது, அந்தப் போத்தலை உயர்த்திக் காட்டினார். உள்ளே நுளம்புப் புழுக்கள் நெளிந்தன.

"என்ட மீனுக்கு இரை தேடி ஊரெல்லாம் அலையத் தேவையில்ல. சனிட்டரிக் கிளாக்கர்ட சாடியில நிறையக் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அன்றைக்கே மறந்திருக்க வேண்டிய பகிடி. நான் மறக்கவில்லை. எதையும் மறக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டு கிழமைக்குப் பின் மிசி ஒரு தாளைக் கொண்டுவந்தார். பென்சிலால் எழுதிய பட்டியல். மீன் விட்ட துரவுகள் நாற்பத்தொன்று. எண்ணெய் ஊற்றும் பட்டியலிலிருந்து இவற்றை நீக்கிவிடும்படி சொன்னார். நான் வாசித்துப் பார்த்தேன். தேற்றாத்தீவு, வள்ளியம்மை துரவு. பூரணம் துரவு. கண்ணம்மை துரவு. எல்லாம் பெண்கள் பெயர். கந்தோர்ப் புத்தகத்தில் இருப்பவை ஆண்கள் பெயர். இது ஒழுங்கான பட்டியல் இல்லை, வீட்டுக்காரர் பெயரில் எழுதித் தர வேண்டும் என்றேன்.

"வீட்டுக்காரர் இவளுகதான் கிளாக்கர்," என்றார். "வளவு சீதனமா வந்தது. ஆம்பிளையள் வந்து குடியிருக்கிறாங்க, அவ்வளவுதான். நீங்களும் பொஞ்சாதிட வளவிலதானே இருக்கிறீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இந்தக் கரையில் பிறந்த எவருக்கும் தெரியும். எந்தப் பெண்ணின் வளவில் எவர் இருக்கிறார் என்று ஊர்த் தலைவரான விதானையிடம் கேட்டு, ஒரு பின்னேரத்தில் நாற்பத்தொரு பெயரையும் பொருத்தியிருக்கலாம். நான் அந்தத் தாளை இழுப்பறையில் போட்டு மூடினேன். ஒழுங்காக எழுதிக்கொண்டு அவரே திரும்பி வரட்டும் என்று இருந்தேன். நான் ஏற்றுக்கொண்டதாக நினைத்து அவர் போய்விட்டார்.

மழைக்குப் பிறகு எண்ணெய்க் கூட்டம் தெற்கே புறப்பட்டது. பட்டியலை நான்தான் படியெடுத்துக் கொடுத்தேன். அன்று காலை அந்த இழுப்பறையை நான் திறக்கவில்லை. மறந்தேன் என்று எழுதினால் அது பொய். நினைவு வந்தது. திறக்கவில்லை.

சனம் வயல் வட்டையில் வேலையாய் இருந்த பகலில் அவர்கள் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்கள். பின்னேரம் வீடு திரும்பியவர்கள் கண்டது துரவின் மேலே நீலமும் ஊதாவுமாக ஒரு படலம், அதற்குள் வெள்ளை வயிறு காட்டிக் கிடந்த மீன்கள். அவற்றில் பாதி சினைமீன். மறுநாள் மிசி தேற்றாத்தீவுக்குப் போனபோது ஒரு வீட்டிலும் அவருக்குப் பாய் போடவில்லை.

வள்ளியம்மைக்கு வலி வந்தபோது மிசிக்கு ஆள் அனுப்பவில்லை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு மிசி தாமாகவே போனார். படலையடியில் அவள் கணவர் மறித்தார்.

"மிசி, உங்கட வார்த்தைய நம்பித் துரவத் தந்தம். பொஞ்சாதியத் தரமாட்டன்."

மிசி படலைக்கு வெளியே நின்றார். காலையிலிருந்து பின்னேரம் வரை நின்றார். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படித் திருப்ப வேண்டும் என்று வேலிக்கு வெளியேயிருந்து உரத்துச் சொன்னார். கேட்டார்களோ தெரியாது. தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

விசாரணை என்று மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். மீன் விட்ட துரவுகளின் பட்டியல் கந்தோருக்கு வந்ததா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"வரவில்லை சேர்," என்றேன்.

மிசி எனக்கு எதிரே இருந்தார். என்னைப் பார்த்தார். அவரிடம் கேட்டபோது, "நான் சொல்ல ஒண்டுமில்ல," என்று மட்டும் சொன்னார்.

வெளியே விறாந்தையில் குடையை விரித்துக்கொண்டு நின்றவரிடம் போனேன். ஏன் பேசவில்லை என்று கேட்டேன். அப்படிக் கேட்டபோதும் என் குரலில் கோபம் இருந்தது.

"உங்கட பொஞ்சாதிக்கு எட்டு மாசம்," என்றார். "நான் வாயத் துறந்திருந்தா உங்களத் தூக்கிக் காட்டுப் பக்கம் மாத்திப் போட்டிருப்பாங்க. அவவும் வண்டி ஏறியிருப்பா. மாசம் நிறைஞ்சவளை இடம் மாத்தப்படாது எண்டு உங்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கன்." இரண்டு படி இறங்கித் திரும்பினார். "புள்ள பிறக்கட்டும். மறுகா நீங்களே சொல்லுங்க."

காட்டோரத்து ஆசுப்பத்திரிக்கு மாற்றம் மிசிக்கு வந்தது. ஒரு மாதம் தவணை கேட்டு வாங்கினார். என் மகளை அவரே ஏந்தினார். தொப்புள்கொடியை வெட்டிக் கட்டி, கழுவித் துடைத்து, என் கையில் தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரு கிழமை கழித்து வண்டி ஏறினார். தொட்டியைச் சாமித்தம்பி வாங்கி வைத்துக்கொண்டார்.

பிள்ளை பிறந்தது. நான் சொல்லவில்லை. முதல் வருடம் பயம். பிறகு பதவி உயர்வு வரும் என்ற எண்ணம். அது வரவில்லை. அதன் பிறகு யாரிடம் சொல்வது என்று தெரியாத சோம்பல். உலக யுத்தம் வந்து போனது. ஓய்வு பெற்று மிசி கல்லடிக்குத் திரும்பினார். அந்த மீன்களின் எத்தனையாவது தலைமுறையோ, சாமித்தம்பி தொட்டியோடு கொண்டுபோய் யன்னலோரம் வைத்தார். வழியில் கண்டால் மிசி என் மகளின் படிப்பைக் கேட்பார். அந்த ஒரு விஷயத்தைக் கேட்கமாட்டார். கேட்டிருந்தால் கோபித்திருப்பேன். கேட்கவில்லை என்றும் கோபித்தேன். எனக்குத் தீங்கு செய்தவர்கள் மேல் எனக்குப் பகை உண்டு என்பது ஊருக்குத் தெரியும். நன்மை செய்த அந்த ஒருவர் மேல் வைத்திருந்த பகையே எல்லாவற்றிலும் கனமானது என்று நான் மட்டும் அறிவேன்.

சேமக்காலையில் முன்னாள் இன்ஸ்பெக்டர் பேசினார். மிசியின் சேவையைப் போற்றிவிட்டு, "பட்டியல் அனுப்ப மறந்த அந்த ஒரு பிழையை நாம் இன்று மன்னிப்போம்," என்றார். கூட்டத்தின் ஓரத்தில் தேற்றாத்தீவிலிருந்து வந்த நாலைந்து பேர் நின்றார்கள். வள்ளியம்மையின் கணவர் அவர்களில் ஒருவர். தலை நரைத்திருந்தது. மன்னித்துவிட்டதைப் போல அவர் தலையை ஆட்டினார். மன்னிக்க அங்கே எதுவும் இல்லை என்பதை அறிந்த ஒரே ஆள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வீட்டை ஒழுங்கு செய்ய மிசியின் உறவினர் வந்தார்கள். தொட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகச் சாமித்தம்பி வந்து நின்றார். நான் குனிந்து பார்த்தேன். ஈர்க்குக் கூட்டுக்குள் ஒரு மீன் தனியே கிடந்தது. மிசி கடைசியாகக் கூட்டில் விட்ட மீன் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வயிறு சதுரமாகியிருந்தது. புள்ளி நன்றாகக் கறுத்திருந்தது.

"இண்டைக்கு வேணாம் சாமித்தம்பி," என்றேன். "மாசம் நிறைஞ்சு கிடக்கு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மிசி சொல்ற மாதிரியே சொல்றீங்க ஐயா."

உறவினரிடம் வீட்டுத் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று நாள், கச்சேரிக்கு முன் பாலம் கடந்து போய், யன்னலைச் சாத்தி, நகக்கண் அளவு இரை போட்டு வந்தேன். நான்காம் நாள் காலை தாய் மெலிந்து கூட்டுக்குள் நின்றது. கீழே பாசிக்குள் குஞ்சுகள். எண்ணினேன், பதினேழு. கண்களே உடம்பாக, ஒன்றும் அறியாமல், ஒவ்வொரு இலைக்கும் அடியில் நின்றன. தாயை வேறு சாடிக்கு மாற்றினேன். அது வரைக்கும் நான் எந்த மீனையும் தொட்டதில்லை.

மார்த்தா மிசி, நீங்கள் தந்த தவணை எப்போதோ முடிந்துவிட்டது. படலைக்கு வெளியே நிற்க வைத்த உங்களை நான் உள்ளே அழைக்க முடியாது. இவ்வளவுதான் என்னால் ஆகிறது. போய் வாருங்கள்.

பத்திராதிபருக்கு இதை அனுப்புகிறேன். பென்சிலில் எழுதிய அந்தப் பட்டியலும் உறைக்குள் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் நாற்பத்தொரு பெண்களின் பெயரும் வாசிக்கலாம். அது வந்து சேர்ந்த தேதியை அன்றைக்கே என் கையால் மூலையில் குறித்திருக்கிறேன். நாளைக் காலை பாலத்தடித் தபாற்பெட்டியில் போடுவேன். அடியில் என் பெயரை எழுதப் போவதில்லை. அந்தத் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் அந்த வருடம் அந்தக் கந்தோரில் கிளாக்கர் ஒருவர்தான் இருந்தார்.